இரண்டு கேபிள், ஒரே ஸ்விட்ச்

பொம்மசந்திராவில் உள்ள ஒரு நிறுவனம் ஓசூர்ப் பட்டறை ஒன்றுக்குக் கடைசல் வேலைக்காக ஒரு பெட்டி இரும்புத் துண்டுகளை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு 5,000 ரூபாய். இ-வே பில் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் கட்டாயம். ஆனால் ஜாப் ஒர்க்குக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இந்த வரம்பு பொருந்தாது. மதிப்பு எதுவானாலும் பில் இருந்தாக வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் நடைமுறையில் இருக்கிறது. மாநில எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளில் இந்த ஜாப் ஒர்க் விதி எப்போதாவதுதான் குறுக்கே வரும். கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஜூஜுவாடி என்றிருக்கும் இந்தப் பகுதியில், குட்டி யானையில் ஏற்றி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கொண்டுபோய் இறக்கும் சரக்குக்கும் அது உண்டு.

ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில் எல்லையிலிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. சோதனை ஒழிந்துவிடவில்லை, ஆலையின் டிஸ்பாட்ச் மேசைக்கு இடம் மாறியது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். இன்வாய்ஸ், அதற்கான பதிவெண், இ-வே பில், கேட் பாஸ் என்று நாலும் வரிசையாக வந்தால்தான் வண்டி நகரும். நாலும் புறப்படுவது ஆலையின் ஈஆர்பி தரவுத்தளத்திலிருந்து. போர்ட்டலில் கையால் பதிந்துகொள்ளலாம்தான். ஒன்றிரண்டு பில்லுக்கு அது சரி. ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது சரிப்படாது.

அந்த நேரத்தில் டிஸ்பாட்சிலிருந்து ஐடி அறைக்கு வரும் போன் எப்போதும் ஒரே வாசகத்தோடுதான் வரும்: "சார், சர்வர் ஸ்லோ." போய்ப் பார்த்தால் சர்வரின் பிராசஸர் பத்து சதவீதம்கூட ஓடிக்கொண்டிருக்காது. அது காத்திருக்கிறது. தான் கேட்ட தரவைப் பக்கத்து ரேக்கிலுள்ள ஸ்டோரேஜ் பெட்டி தரட்டும் என்று காத்திருக்கிறது. ஸ்டோரேஜ் பெட்டியைப் பார்த்தால் அதுவும் சும்மா இருக்கும். கோளாறு இரண்டுக்கும் நடுவே உள்ள சில மீட்டர் கேபிளிலும் ஒரு ஸ்விட்சிலும் இருக்கிறது. வாங்கும்போது யாரும் அதிகம் பேரம் பேசாத, பட்ஜெட்டில் "இதர சாதனங்கள்" என்ற தலைப்பில் அடங்கிவிடுகிற பகுதி அது. நம்பகமான வேகம் என்று விற்பனையாளர்கள் சொல்வது பெட்டிக்குள் இருப்பதைவிட இந்தப் பாதையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் முடிவு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இதைப் பார்க்கத் தோதான இடம்.

வட்டாரத்தின் கதை தெரிந்ததுதான். 1970களில் சிப்காட் வளாகம் வந்தது. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலையும், டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. 1984-இல் டாடாவும் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், கடிகார ஆலையை இங்கேதான் அமைத்தது. இப்போது போச்சம்பள்ளி அருகே ஓலா, ஓசூரில் ஏத்தர், ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ். பெரிய ஆலைகளுக்கு நிகராக ஐடி துறை இல்லாத, ஆனால் அதே வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர உதிரிபாக ஆலைகளும் இவற்றைச் சுற்றி இருக்கின்றன. என் அக்கறை இவர்களைப் பற்றியது. பெரிய ஆலை சரக்கைக் குவித்து வைப்பதில்லை. இன்று பொருத்த வேண்டிய பிராக்கெட் இன்று வர வேண்டும்.

சர்வருக்குள்ளேயே டிஸ்க் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. 1986-இல் தரநிலையான ஸ்கஸி முறை, கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சில மீட்டர் கேபிள் இருக்கிறது, அதில் போகும் எதுவும் தொலையாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. பல சர்வர்கள் ஒரே ஸ்டோரேஜைப் பகிர வேண்டும், ஒரு சர்வர் விழுந்தால் அதன் வேலையை மற்றொன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை வந்தபோது டிஸ்க் வெளியே வந்தது. 1994-இல் தரநிலையான ஃபைபர் சேனல் அந்தப் பழைய நம்பிக்கையைக் காப்பாற்றியது. பெறும் முனையில் இடம் இருக்கிறது என்று கணக்குத் தெரிந்தால்தான் அனுப்பும் முனை அடுத்த துண்டை அனுப்பும். நெரிசலுக்காகத் தரவைக் கீழே போடுவது அதன் இயல்பில் இல்லை. ஆனால் அதற்குத் தனி ஸ்விட்ச், தனி அட்டை, தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும்.

2004 ஏப்ரலில் ஐ-ஸ்கஸி தரநிலை வந்தது. அதே ஸ்கஸி கட்டளைகளைச் சாதாரண ஈத்தர்நெட்டில், டிசிபி வழியே அனுப்பும் முறை. நடுத்தர ஆலைகளுக்கு இது பெரிய வரம். அலுவலகத்தில் இருக்கும் அதே வகை ஸ்விட்ச், அதே வகை கேபிள், அதே நெட்வொர்க் ஆள். ஆனால் ஈத்தர்நெட்டின் இயல்பு வேறு. ஸ்விட்சின் பஃபர் நிரம்பினால் வருவதைக் கீழே போட்டுவிடும்; திரும்ப அனுப்புவது மேலே உள்ள டிசிபியின் பொறுப்பு. எதுவும் தொலையாது என்று நம்பும் ஒன்றை, தொலைப்பதைத் தவறாகவே நினைக்காத ஒன்றின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

அந்த விலையை எண்ணில் சொன்னால் புரியும். எஸ்எஸ்டி போட்ட நல்ல ஸ்டோரேஜ் ஒரு வேண்டுகோளுக்கு ஒரு மில்லி விநாடிக்குள் பதில் தரும். வழியில் ஒரு பாக்கெட் விழுந்து, அதற்குப் பின்னால் வேறு பாக்கெட் எதுவும் வராத நிலை என்றால், லினக்ஸின் டிசிபி பல சமயங்களில் 200 மில்லி விநாடியாவது காத்திருந்துதான் மறுபடி அனுப்பும். ஒரு மில்லி விநாடி வேலை 200 மடங்கு நீள்கிறது. ஆயிரத்தில் ஐந்து வேண்டுகோளுக்கு இப்படி நேர்ந்தால்கூடச் சராசரித் தாமதம் இரண்டு மடங்காகிவிடும். மாத அறிக்கையில் ஸ்விட்சின் பயன்பாடு 8 சதவீதம் என்று இருக்கும். ஐந்து நிமிடச் சராசரி அது. நான்கு சர்வர்களும் ஒரே நொடியில் பேக்கப்பை ஆரம்பித்து, ஸ்டோரேஜின் ஒரே போர்ட்டை மொய்க்கும் அந்தச் சில மில்லி விநாடிகள் அந்தச் சராசரியில் தெரியாது. ஸ்விட்ச் வாங்கும்போது எத்தனை போர்ட் என்று கேட்பவர்கள், பஃபர் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார், பரவாயில்லை.

ஜம்போ பிரேம் இன்னொரு தொல்லை. ஈத்தர்நெட்டில் வழக்கமான பொதி 1,500 பைட். ஸ்டோரேஜுக்கு 9,000 ஆக்கினால் வேலை குறையும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். சர்வரில் ஆக்குவார்கள், ஸ்டோரேஜில் ஆக்குவார்கள், நடுவில் ஒரு ஸ்விட்சில் விட்டுப்போகும். பிங் அடித்தால் பதில் வரும். லாகின் ஆகும். டிஸ்க் தெரியும். பெரிய கோப்பை எழுத ஆரம்பித்ததும் நின்றுவிடும். ஏனென்றால் பிங்கின் பொதி சிறியது. பொதியை உடைக்கக்கூடாது என்று சொல்லி 8,972 பைட்டில் பிங் அடித்தால்தான் உண்மை வெளிவரும்; 9,000-இல் தலைப்புகளுக்கான 28 போக மிச்சம் அது. அனுபவப்பட்டவர்கள் ஓசூரிலும் இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் மருந்தாகச் சொல்லப்படுவது இரட்டைப் பாதை. சர்வரில் இரண்டு போர்ட், இரண்டு ஸ்விட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். நடுவே மல்டிபாத் மென்பொருள் உட்கார்ந்து, ஒரு வழி அடைபட்டால் மற்றதில் அனுப்பும். வரைபடத்தில் அழகாக இருக்கும். ரேக்கின் பின்பக்கம் போய் விரலால் கேபிளைத் தொட்டுக்கொண்டே போனால் கதை மாறும். சர்வரின் இரண்டு போர்ட்டும் ஒரே நெட்வொர்க் அட்டையில் இருக்கும். ஸ்விட்ச் இரண்டும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில், ஸ்ட்ரிப் ஒரே யூபிஎஸ்சில். சில இடங்களில் இரண்டாவது ஸ்விட்ச் ஆர்டரிலேயே வெட்டுப்பட்டு, இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சின் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டுகளில் போய்ச் சேரும். மென்பொருள் மட்டும் "பாதைகள்: 2" என்று பச்சையில் காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டும் உண்மையிலேயே இரண்டாக இருந்தாலும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. இரண்டு பாதையும் 60 சதவீதம் ஓடுகின்றன என்றால் ஒன்று விழுந்ததும் மற்றதன் மேல் 120 சதவீதம் வந்து விழும். பாதிக்கு மேல் ஓடும் இரட்டைப் பாதையை நான் இரட்டைப் பாதையாக எண்ணுவதில்லை. இரண்டு கேபிளையும் இணைத்து ஒரே தடிமனான இணைப்பாக்கிவிடலாமே என்று நெட்வொர்க் ஆட்கள் கேட்பார்கள். அலுவலகப் போக்குவரத்துக்கு அது நல்ல யோசனை. ஐ-ஸ்கஸியில் ஒரு செஷன் என்பது பெரும்பாலும் ஒரே ஓட்டம். அப்படி இணைத்தாலும் அது ஒரு கேபிளில்தான் போகும். இங்கே மல்டிபாத்தே சரி. இரு பாதைக்கும் வெவ்வேறு சப்நெட் வேண்டுமா என்பதில் மட்டும் பெட்டிக்குப் பெட்டி விதி மாறும். டெல் வாங்கிய ஈக்வல்லாஜிக் வகை எல்லாப் போர்ட்டையும் ஒரே சப்நெட்டில் கேட்கும். வேறு பல பெட்டிகள் இரண்டாகப் பிரிக்கச் சொல்லும். ஒன்றின் கையேட்டை வைத்து இன்னொன்றை அமைத்தால் வேலை செய்வதுபோலவே இருக்கும், ஒரு கேபிள் விழும்வரை.

கேபிள் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பது விநாடிகளின் கணக்கு. லினக்ஸில் ஒரு டிஸ்க் வேண்டுகோளுக்கு இயல்பான கெடு 30 விநாடி, விண்டோஸில் 60. லினக்ஸின் ஐ-ஸ்கஸி மென்பொருளோ, அறுந்த செஷன் திரும்ப வரும் என்று இயல்பு அமைப்பில் 120 விநாடி காத்திருக்கும். பாதை ஒன்றே ஒன்று இருக்கும் இடத்துக்கு இது நியாயமான பொறுமை. இரண்டாவது பாதை சும்மா காத்துக்கிடக்கும் இடத்தில் அபத்தம். மல்டிபாத்தின் சில பதிப்புகள் இதைத் தாமாகவே சில விநாடிகளுக்குக் குறைத்துவிடும்; சில இடங்களில் கையால் குறைக்க வேண்டும். குறைந்திருக்கிறதா என்று பார்த்தவர்கள் கொஞ்சம்.

ஸ்விட்ச் தரப்பிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில், நெட்வொர்க்கின் அமைப்பு மாறினால் போர்ட்டுகள் மறுபடி திறக்க 30 முதல் 50 விநாடி ஆகும். 2001-இல் வந்த விரைவு முறை இதைச் சில விநாடிகளாக்கியது; ஆனாலும் அமைப்பில் பழையதையே விட்டுவைத்த ஸ்விட்சுகள் ஆலைகளில் இன்னும் இருக்கின்றன. 30 விநாடிக் கெடுவும் 50 விநாடித் திறப்பும் ஒரே ரேக்கில் சந்தித்தால் முடிவு தெரிந்ததே. லினக்ஸ் தன் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். தரவுத்தளம் நிற்கும். கேபிள் ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்கும். தரவுத்தளத்தை மீட்டெடுக்க இரண்டு மணி நேரம் போகும். டிஸ்பாட்சில் வண்டிகள் நிற்பது இந்த இரண்டு மணி நேரத்தால்தான்.

பெரிய பணம் போட்ட இடத்திலும் இது நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. 2010 ஜூலை 5, திங்கட்கிழமை விடியற்காலை சுமார் மூன்று மணிக்கு டிபிஎஸ் வங்கியின் கணினி முறை முழுவதுமாக நின்றது. அதன் பிஓஎஸ்பி கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் உட்பட, காலையில் ஏடிஎம்முக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். காலை சுமார் பத்து மணிக்குத்தான் சேவை திரும்பியது. தொடக்கம் மிகச் சிறியது. இரண்டு நாள் முன்பு, மெயின்பிரேமோடு இணைந்த ஸ்டோரேஜில் ஒரு தொடர்புப் பாதை நிலையாக இல்லை என்று எச்சரிக்கை வந்தது. வங்கி முறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாற்றுப் பாதைகள் இருந்தன. முறையைப் பராமரித்த ஐபிஎம்மின் ஆட்கள் கேபிளை மாற்றினார்கள். அவர்களுக்கு மேலிருந்து தரப்பட்ட செயல்முறை காலாவதியானது. அந்த வேலையின் நடுவே வந்த பிழைகளைப் பார்த்த ஸ்டோரேஜ், தரவு கெட்டுவிடக்கூடாதென்று மெயின்பிரேமோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, கூடுதலாக 23 கோடி சிங்கப்பூர் டாலர் மூலதனத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னது. பாதை பழுதானதால் வங்கி நிற்கவில்லை, பழுது பார்த்ததால் நின்றது. இரட்டைப் பாதை பற்றிப் பேசுபவர்கள் இதைக் கவனிப்பது குறைவு.

ஓசூரில் நிலைமை வேறு விதத்தில் சிக்கல். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் இங்குள்ள ஆலைகள் எல்லாம் ஜெனரேட்டருக்குப் பழகின. கரண்ட் போகும், யூபிஎஸ் தாங்கும், ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். மின்வெட்டுக் காலம் முடிந்த பிறகும் அந்தச் சில விநாடி மாற்றம் ஸ்டோரேஜ்களைத் தொல்லைப்படுத்துகிறது. பெரும்பாலான ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் எழுத வந்ததை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று சொல்லிவிடும்; கரண்ட் போனால் காப்பாற்ற ஒரு பேட்டரி வைத்திருக்கும். பேட்டரி தளர்ந்துவிட்டால் பல பெட்டிகள் அந்தத் துணிச்சலைக் கைவிட்டு, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். 7,200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்றவே 8.3 மில்லி விநாடி. திடீரென்று எல்லாம் பத்து மடங்கு மெதுவாகும். ஸ்விட்சைக் குறை சொல்லி, கேபிளை மாற்றி, மென்பொருள் நிறுவனத்தோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு சின்னப் பேட்டரி என்று தெரியவரும்.

அந்தப் பேட்டரி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பெங்களூரிலிருந்து. நான்கு மணி நேரத்தில் உதிரிபாகம் என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது கிடங்கு அங்கே இருக்கும் என்பதே கணக்கு. சாதாரண நாளில் இது சௌகரியம். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிவிட்டால் வந்துவிடும். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் கொத்தாக எரிக்கப்பட்டபோது எல்லை அடைபட்டது. 2023 செப்டம்பர் 26 பெங்களூரு பந்த், 29 கர்நாடக பந்த் ஆகிய நாட்களிலும் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையோடு நின்றன. 2020 ஊரடங்கில் இரண்டு பக்கமும் இ-பாஸ் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் உள்ள நான்கு மணி நேரம் இந்த நாட்களைக் கணக்கில் எடுக்கவில்லை. எனவே இங்குள்ள ஆலை ஒன்று, ஒரு கன்ட்ரோலர் பேட்டரி, ஒரு ஸ்விட்ச், ஒரு ஜோடி ஃபைபர் மாட்யூல் ஆகியவற்றைத் தன் ஸ்டோரிலேயே வாங்கி வைத்துக்கொள்வது ஆடம்பரம் அல்ல. பேரிங்கையும் வி-பெல்ட்டையும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: தரவின் நகலை எங்கே வைப்பது? ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி எடுக்கும். ஓசூரிலிருந்து பெங்களூரு நகருக்கு 40 கிலோமீட்டர், போய்வர 0.4 மில்லி விநாடி. சென்னைக்கு நார் வழி 400 கிலோமீட்டர் என்று வைத்தால் 4 மில்லி விநாடி. ஒவ்வொரு எழுத்தும் மறுமுனையில் பதிவான பிறகே "சரி" சொல்லும் உடன்நிகழ் நகல் முறையில், ஒன்றன்பின் ஒன்றாக உறுதிசெய்யும் ஒரு தரவுத்தள ஓட்டம் சென்னையோடு நொடிக்கு 250 பதிவுக்கு மேல் போக முடியாது. பெங்களூரோடு 2,500 வரை போகலாம். ஸ்கஸியில் எழுதும் கட்டளைக்கே இரண்டு சுற்றுப் பேச்சு தேவைப்படும் அமைப்பாக இருந்தால் இவையும் பாதியாகும். ஆக உடனுக்குடன் நகலுக்குப் பெங்களூரு, சில நிமிடம் பின்தங்கலாம் என்ற நகலுக்குச் சென்னை. இயற்பியல் இதில் மாநிலம் பார்ப்பதில்லை. தொலைத்தொடர்பு உரிமம் பார்த்தது. ஓசூர் தமிழ்நாடு வட்டம், பெங்களூரு கர்நாடக வட்டம். இரண்டு நிறுவனத்திடம் இரண்டு இணைப்பு வாங்கினாலும், இரண்டு நாரும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஒரே ஓரத்தில் ஒரே பள்ளத்தில் கிடந்தால் ஒரே ஜேசிபி போதும். இணைப்பு தருபவரிடம் நார் போகும் தடத்தை வரைபடமாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றாவது தளி, ஆனேக்கல் பக்கமாகச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே என்பவர்களுக்கு ஒரு சொல். பாதை மறைவதில்லை, நீள்கிறது. அலுவலக வேலைக்கு அது சரி. உற்பத்தி லைன் ஓரத்தில் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அப்படி அனுப்ப முடியாது. 2018 நவம்பரில் தரநிலையான, எஸ்எஸ்டிக்கென்றே எழுதப்பட்ட என்விஎம்இ-டிசிபி முறை ஐ-ஸ்கஸியின் இடத்தை மெல்லப் பிடிக்கும். அதுவும் அதே ஈத்தர்நெட்டில், அதே டிசிபியில்தான் ஓடுகிறது. பஃபர், பொதி அளவு, கெடு எல்லாம் அப்படியே கூடவே வரும்.

சோதித்துப் பார்ப்பதற்கு இங்கே ஒரு வசதி உண்டு. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிற நாட்களில் பல பிரிவுகள் எப்படியும் பாதி ஓட்டத்தில்தான் இருக்கும். முந்தைய இரவு பேக்கப் நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சர்வர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் கட்டாயமாக்கிய நேர ஒத்திசைவு இங்கே உண்மையிலேயே உதவும், லாகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பிறகு ஓடும் தரவுத்தளத்தின் கீழிருந்து முதல் கேபிளைக் கழற்றி, எழுதுவது எத்தனை விநாடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிளைத் திரும்பச் செருகியதும் ஸ்விட்சில் பச்சை விளக்கு உடனே வந்துவிடும். மல்டிபாத் அந்தப் பாதையை மறுபடி ஏற்றுக்கொள்ள அதன்பிறகும் நேரம் எடுக்கும். விளக்கைப் பார்த்து அவசரப்பட்டு இரண்டாவது கேபிளில் கை வைக்காதீர்கள். சர்வரின் திரையில் இரண்டு பாதையும் உயிரோடு இருக்கிறது என்று வந்த பிறகே இரண்டாவதைக் கழற்ற வேண்டும்.